புதுப்பிப்பு: ஓஷனோகிராஃபி 3 வருஷமா 4 வருஷமா?
இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் யுனிவர்சிட்டில ஓஷனோகிராஃபிக்கு (கடல் அறிவியல்) 3 வருஷ பிஎஸ்ஸியா, இல்ல டிகிரியும் மாஸ்டர்ஸும் ஒரே கோர்ஸா வர்ற இன்டகிரேட்டட் மாஸ்டர்ஸ் 4 வருஷமானு முன்னாடி கேட்டிருந்தேன்ல, 4 வருஷமே எடுத்துட்டேன். காரணம் காசுதான், இங்கத்த பசங்களுக்கு இன்டகிரேட்டட்னா கடைசி வருஷத்துக்கும் அதே அண்டர்கிராஜுவேட் லோன் வரும், தனியா மாஸ்டர்ஸ் போனா அது வேற லோன், ஃபீஸ் கட்டினா கைல பெருசா ஒண்ணும் நிக்காது. கிளாஸ் துறைமுகத்துலயே, நேஷனல் ஓஷனோகிராஃபி சென்டர்ல. போட்ல போய் சிடிடிங்கற கருவிய கடல்ல இறக்கி உப்பு, வெப்பம், ஆழம் பாக்கறது செம ஜாலி. டால்ஃபின் பாக்கலாம்னு கோர்ஸ்ல சேந்தவங்கதான் பாவம், எங்க திரும்பினாலும் கணக்கு. அப்புறம் இந்த ஊர்ல ஹை டைட் (கடல் மட்டம் உச்சத்துக்கு ஏறறது) ரெட்டையா வரும், ஒண்ணு வந்த கொஞ்ச நேரத்துலயே இன்னொண்ணு, ஐல் ஆஃப் வைட் தீவு குறுக்க நிக்கறதாலனு ஊர்க்காரங்க அடிச்சு சொல்வாங்க, நிஜத்துல காரணம் இங்கிலீஷ் சேனலோட (இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல இருக்கற கடல்) வடிவமும் ஆழம் கம்மியா இருக்கறதும்தான். ஃபிசிக்ஸ் பிடிக்கும்னா தயங்காம வாங்க.