ஈறுகளில் இரத்தக் கசிவு: அனுபவமுள்ளவர்களிடம் சில கேள்விகள்

வணக்கம். பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிவது சில காலமாகத் தொடர்ந்ததால் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் அளந்து பார்த்து, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழம் பெரும்பாலான இடங்களில் இயல்பான 3 மில்லிமீட்டருக்குள் இருப்பதாகவும், இரண்டு கடைவாய்ப் பற்களில் மட்டும் 5 மில்லிமீட்டரை எட்டியிருப்பதாகவும் கூறினார். வெறும் ஈறழற்சி முறையான பராமரிப்பால் முழுமையாகக் குணமாகும் என்பதும், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் தானாகத் திரும்பாது என்பதும் எனக்குப் புரிகிறது. பல்லில் படிந்து இறுகிய காறையை உப்புநீரோ மூலிகைப் பொடியோ அகற்றாது என்பதால், ஈறுக்கு அடியில் உள்ள காறையை மருத்துவர் சுரண்டி எடுக்கும் ஆழ்சுத்தத்திற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்கு மாற்றாக எதையும் பரிந்துரைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தேடுவது அதனுடன் சேர்த்துச் செய்யக்கூடியவற்றை மட்டுமே. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் ஈறு நோயைத் தீவிரமாக்கும் என்பதாலும், ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்கும் என்பதாலும், இரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். (புகைபிடிப்பவர்களுக்குக் கசிவு குறைவாகத் தெரிந்து நோய் மறைந்திருக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி, நல்லவேளையாக எனக்கு அப்பழக்கம் இல்லை.)

பற்களின் இடுக்குகளைச் சுத்தம் செய்ய உங்களுக்கு நூல் உதவியதா, இடைப்பல் தூரிகை உதவியதா? எண்ணெய்க் கொப்பளிப்பைத் துலக்குவதோடு சேர்த்துச் செய்தவர்கள் உண்மையான மாற்றம் எதையேனும் கண்டீர்களா? ஆழ்சுத்தத்திற்குப் பின் வரும் பற்கூச்சத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?