வடக்கே வேலைக்குப் போனவர்களே, மமாக்வா பேசியபோது உங்களுக்கு என்ன ஞாபகம் வந்தது?

வாணி (பிரம்டன்)

சோல் மமாக்வா யார் என்று இங்கே பலருக்குத் தெரியும்: கனடாவில் வட ஒன்ராறியோவின் கிவெட்டினூங் தொகுதி எம்.பி.பி., அதாவது மாகாண சபை உறுப்பினர். 2024 மே 28, குயின்ஸ் பார்க்கில், அந்த மாகாண சபையில், ஓஜி-கிரீ மொழியில் எழுந்து பேசினாரே, அந்தக் காணொளி எல்லார் கைக்கும் வந்திருக்கும். ஒரு பூர்வகுடி மொழியில் பேசி, மற்றவர்கள் அதை மொழிபெயர்ப்பில் கேட்க அந்தச் சபை இடம்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவருடைய அம்மாவின் பிறந்தநாள். அதைத்தான் எல்லாரும் பகிர்ந்தார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அவர் கேட்ட கேள்வி: வடக்கே சூ லுக்அவுட் ஊரில் முதியோருக்கான பராமரிப்பு இல்லம் எப்போது வரும்?

2022 பெப்ரவரியில் ஏஜென்சி மூலமாக நாலு கிழமை, பிளேன் மட்டும் போகிற ஒரு ஊரில் நேர்ஸாக இருந்தேன். டொக்டர் மாதத்தில் சில நாள்தான் வருவார். ஒரு அம்மம்மா. சர்க்கரை வியாதி, ஆறாத கால்புண், வீட்டில் பார்க்க ஆளில்லை. தெற்கே ஓர் இல்லத்தில் இடம் கிடைத்திருந்தது. இனி ஊருக்குத் திரும்புவது கஷ்டம். அதை நான் அவருக்குச் சொல்லவேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. வழக்கமாக மொழிபெயர்க்கிறவர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். பேரன் வந்திருந்தான், பதினொரு வயது.

நான் ஐந்தாறு வசனம் சொன்னேன். பையன் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான். பிறகு அவரிடம் ஏதோ சொன்னான். இரண்டே சொல். அவ்வளவுதான். அந்த அம்மா சிரித்துக்கொண்டு அவன் தலையைத் தடவிவிட்டார்.

ஐந்து வசனம் எப்படி இரண்டு சொல்லாகும்? நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாள் பிளேனில் ஏற்றி அனுப்பினோம்.

செல்வா

நேர்ஸ் வேலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் லொறிக்காரன். இரண்டு குளிர்காலம் பிக்கிள் லேக்குக்கு மேலே ஓடினேன். நெடுஞ்சாலை அங்கே முடிந்துவிடும். அதற்கு மேலே இருக்கிற ஊர்களுக்குப் பனிக்காலத்தில் சில கிழமைகளுக்கு மட்டும் காட்டுக்குள்ளும் ஏரிக்கு மேலும் ரோடு போடுவார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் டீசல், பலகை, சாமான் எல்லாம் ஏற்றி முடித்துவிடவேண்டும். ஏரிக்கு மேலே ஊர்ந்துதான் போகலாம். வேகமாகப் போனால் லொறிக்கு முன்னால் ஐஸுக்கு அடியில் அலை எழும்பி, கரைக்குக் கிட்டே ஐஸை உடைத்துவிடும். பெல்ட் போடமாட்டோம், கண்ணாடி இறக்கியிருக்கும். மைனஸ் முப்பதிலும் இறக்கித்தான் இருக்கும், ஐஸ் வெடிக்கிற சத்தம் கேட்கவேண்டுமே.

ஒரு தடவை பின்னால் என்ன லோட் என்று பேப்பரை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல். முழு லொறியும். கீழே ஒரு ஏரித் தண்ணீர், மேலே லொறியில் தண்ணீர், நடுவில் நான். போய் இறக்குகிற ஊரும் இன்னொரு ஏரிக்கரைதான். தனியே இருந்து சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

அருண் (தண்டர் பே)

செல்வா அண்ணா, அந்தத் தண்ணீர் விஷயத்தை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2020 அக்டோபரில் வடக்கே நெஸ்கன்டாகா என்ற பூர்வகுடி ஊரையே காலி பண்ணி இங்கே தண்டர் பே நகருக்குக் கொண்டுவந்தார்கள் இல்லையா? தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஏதோ மிதந்ததால் சப்ளையை நிறுத்திவிட்டார்கள். 1995-லிருந்தே அந்த ஊரில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று அறிவிப்பு இருக்கிறது. நான் அப்போது படித்துக்கொண்டே ஒரு ஹோட்டலில் நைட் ஷிப்ட் பார்த்தேன். வந்தவர்களில் ஒரு பகுதி எங்கள் ஹோட்டலில் தங்கினார்கள்.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாட்டி கவுன்டருக்கு வந்து, ரூமில் இருந்த காபி மெஷின் பத்தாது, பெரிய கெட்டில் வேண்டும் என்பார். ஒரு நாள், "இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பயமில்லை" என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். கெட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் பத்து மணிக்கு வந்தார். டிசம்பரில் ஊர் திரும்பும்வரை அந்தக் கெட்டிலை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கூட வந்த பேத்திக்கு என் வயசுதான் இருக்கும், அதாவது அந்த அறிவிப்புக்குப் பிறகு பிறந்தவள்.

குமரன் (மார்க்கம்)

எல்லாரும் உருகுகிறீர்கள், சரி. நான் கேட்பது வேறு. மமாக்வா 2018-லிருந்து எம்.பி.பி.யாக இருக்கிறார், எப்போதும் எதிர்க்கட்சிதான். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. பேசி என்ன கிடைத்தது? அவருடைய கிவெட்டினூங் தொகுதி இரண்டு தமிழ்நாட்டை விடப் பெரிசு, ஆனால் மார்க்கத்தில் நாலு தெருவைச் சேர்த்தால் வருகிற சனத்தொகை (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்). எந்த அரசாங்கம் அதைக் கணக்கில் எடுக்கும்? 2021-இல் தடுப்பூசிக்கு வரிசை தாண்டினார் என்று ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டே சபையில் சொன்னாரே.

வாணி, கோபிக்கவேண்டாம். சின்னப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருக்கலாம்.

நானும் சாண்டி லேக் பக்கம் மூன்று கிழமை கணினி வேலைக்குப் போனவன்தான். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, புயலில் ஐந்து நாள் மாட்டிக்கொண்டதைத் தவிர. இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். பிளேனில் எடைக் கட்டுப்பாடு கடுமை, ஆளையே தராசில் நிறுத்துவார்கள். பெட்டியில் முதலில் அரிசி, பருப்பு, தூள் வைக்கவும், உடுப்பு பிறகு. அங்கே கடையில் ஒரு கோவாவின் விலையைப் பார்த்தால் திரும்ப வைத்துவிடுவீர்கள். மருந்து எடுப்பவர்கள் ஒரு கிழமை கூடுதலாகக் கொண்டுபோகவும், வானிலை கெட்டால் பிளேன் வராது. பல ஊர்களில் மதுவுக்குத் தடை, பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், விளையாட்டுக்கும் ஒரு போத்தல் வைக்கவேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மாட்டிக்கொள்ளும் நாளுக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வாங்கவும். நான் வாங்கவில்லை. சப்பாத்து இரண்டு சைஸ் பெரிசாக, உள்ளே இரண்டு சோடி கம்பளிக் காலுறை. பெல்ட் போடாமல் லொறி ஓட்டுவதை எல்லாம் இங்கே எழுதாதீர்கள், சின்னப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

செல்வா

தம்பி, ஐஸ் உடைந்தால் பெல்ட்டைக் கழற்ற நேரம் கிடைக்காது. அதற்குத்தான் போடுவதில்லை. ஒரு தடவை வந்து ஓட்டிப்பார்.

அருண் (தண்டர் பே)

குமரன் அண்ணா, தடுப்பூசிக் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மக்களுக்கு ஊசி மேல் பயம் இருந்தது. ஊர்த் தலைவர்கள் கூப்பிட்டுத்தான் மமாக்வா மஸ்க்ரட் டேமுக்கும் சாண்டி லேக்குக்கும் போய் எல்லார் முன்னாலும் போட்டுக்கொண்டார். வரிசை தாண்டினார் என்று சொன்ன முதல்வர் அப்புறம் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டார். நீங்கள் சாண்டி லேக் பக்கமே போயிருக்கிறீர்கள், இது காதில் விழவே இல்லையா?

பேசி என்ன கிடைத்தது என்றால்... 2025-இல் சுரங்கம் மாதிரித் திட்டங்களை வேகப்படுத்தும் ஐந்தாவது மசோதா வந்தபோது, வடக்கே ரிங் ஆஃப் ஃபயர் என்ற பகுதியின் கனிமத்துக்காக எங்கள் நிலத்தில் அவசரப்படுகிறீர்கள், மக்களிடம் உண்மை சொல்லவில்லை என்று முதல்வரைப் பார்த்துச் சொன்னார். சபையை விட்டு வெளியே அனுப்பினார்கள். மசோதா நிறைவேறியது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதலாம். வெளியே போகச் சொன்ன பிறகும் வார்த்தையைத் திரும்ப எடுக்காத ஆள் என்று நான் எழுதுவேன்.

தயா டீச்சர்

சண்டை போதும். வாணி செய்தது சரியில்லைதான், அது வாணிக்கே தெரியும், இல்லாவிட்டால் இத்தனை வருஷம் கழித்து இங்கே வந்து எழுதியிருக்க மாட்டார்.

நான் தண்டர் பேயில் படிப்பித்தேன். வடக்கே அந்தப் பூர்வகுடி ஊர்களில் பல இடத்தில் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளைகள் தனியாக இங்கே வந்து, தெரியாதவர் வீட்டில் தங்கிப் படிக்கவேண்டும். 2000-க்கும் 2011-க்கும் இடையில் அப்படி வந்த ஏழு பிள்ளைகள் உயிரோடு திரும்பவில்லை. விசாரணை நடந்து 145 பரிந்துரை எழுதினார்கள். என் வகுப்புக்கு வந்த ஒருத்தன் முதல் நாள் சிவப்பு விளக்கில் நடுத்தெருவில் நின்றான். அவன் ஊரில் சிக்னல் கிடையாது. கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கை நடுங்கியது இப்போதும் என் கையில் இருக்கிறது.

வாணி, அந்த இரண்டு சொல் என்னவென்று கொஞ்சமாவது ஞாபகம் இருக்கிறதா?

வாணி (பிரம்டன்)

குமரன் சொன்னது சரி. போன் லைன் அன்று வேலை செய்யவில்லை, ஆனால் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை.

டீச்சர், ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. "கீவே" மாதிரி. பிறகு கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். வீட்டுக்குப் போவதை அப்படிச் சொல்வார்கள் என்றாள். மற்றச் சொல் "இல்லை" என்பதா, "சீக்கிரம்" என்பதா தெரியாது. அந்த அம்மா சிரித்ததை வைத்துப் பார்த்தால் "இல்லை" ஆக இருக்காது.

அவனுக்கு இப்போது பதினாலு, பதினைந்து வயது இருக்கும். தண்டர் பேக்குப் படிக்க வந்திருப்பான்.