420 டன் நிலையத்தைக் கடலில் தள்ள 84 கோடி டாலரா?

மொட்டைமாடி:
சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030-க்குப் பிறகு கீழே இறக்கத் தனியாக ஒரு கலம் செய்யச் சொல்லி, 2024 ஜூனில் நாசா ஸ்பேஸ்எக்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தம் 84.3 கோடி டாலர் வரை போகலாம். ஏவும் ராக்கெட்டுக்கான காசு இதில் சேராது. ஒரே ஒரு தடவை வேலை செய்துவிட்டு நிலையத்தோடு சேர்ந்து தானும் எரிந்துபோகும் கலம் இது. 2001 மார்ச்சில் ரஷ்யர்கள் மிர் நிலையத்தை ஒரே ஒரு பிராகிரஸ் சரக்குக் கலத்தை வைத்து இறக்கிவிட்டார்களே, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு செலவு? என்னைக் கேட்டால் இறக்கவே வேண்டாம், மேலே தள்ளிவிட்டு அப்படியே விட்டுவிடலாம். அது தலைக்கு மேல் கடந்துபோவதைப் பன்னிரண்டு வருடமாக மாடியில் நின்று பார்க்கிறவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பேனர்:
மிர் சுமார் 130 டன், இது சுமார் 420 டன். இதற்கும் முதலில் பிராகிரஸ் கலங்கள் மூன்றை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். அதைவிட வலுவான ஏற்பாடு வேண்டும் என்று பிறகுதான் முடிவானது.

வேலை என்னவென்று பாருங்கள். காற்றின் இழுவையால் நிலையம் தானாகவே மெல்ல இறங்கும், அதற்குக் காசு இல்லை. கடைசி ஆறு மாதத்துக்கு முன்பே ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். சுமார் 220 கி.மீ. உயரத்தில் கடைசித் தள்ளு. நான் போட்டுப் பார்த்த கணக்கில் அங்கே குறைக்க வேண்டிய வேகம் நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர்தான். கலத்தில் மொத்தம் 46 டிராகோ உந்துபொறிகள். ஒன்றின் விசை சுமார் 400 நியூட்டன், அதாவது 40 கிலோ மூட்டையைத் தாங்கிப் பிடிக்கும் அளவு. கடைசித் தள்ளில் 26 ஒன்றாக எரிந்தாலும் ஒரு டன் மூட்டையைத் தாங்கும் விசைதான் வரும். கலத்தையும் சேர்த்து 450 டன்னை அதை வைத்துத் தள்ளினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மொட்டைமாடி:
அப்படியானால் ஒரு பெரிய எஞ்சினை மாட்டி ஒரே நிமிடத்தில் முடிக்க வேண்டியதுதானே? எதற்கு இந்த 46?

ஸ்பேனர்:
அங்கேதான் சிக்கல். நிலையத்தின் குறுக்குச் சட்டம் சுமார் நூறு மீட்டர் நீளம், அதன் இரு முனைகளிலும் மெல்லிய சூரியத் தகடுகள். ஓங்கித் தள்ளினால் மூட்டுகள் பிய்த்துக்கொள்ளும், பிய்ந்த துண்டு எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரொம்ப மெதுவாகத் தள்ளினாலும் ஆபத்து. அந்த உயரத்தில் காற்று பிடிக்க ஆரம்பித்துவிடும், தகடுகள் பாய்மரம் மாதிரி ஆகி நிலையத்தைத் திருப்பப் பார்க்கும். 2021 ஜூலையில், நிலையத்தோடு புதிதாக வந்து இணைந்த ரஷ்யாவின் நவுகா தொகுதியின் பொறிகள் தப்பாக எரிந்து நிலையம் ஒன்றரைச் சுற்று சுற்றியது நினைவிருக்கிறதா? அன்று சமாளிக்க நேரம் இருந்தது. கடைசித் தள்ளின் நடுவில் அப்படி ஆனால் முடிந்தது கதை. அதனால்தான் சில பொறிகள் தள்ள, சில திசையைப் பிடித்து நிறுத்த, மீதி பழுதானால் கைகொடுக்க.

இன்னொன்று, இந்தக் கலம் ஒன்றரை வருடம் முன்பே போய் ஒட்டிக்கொள்ளும். அதுவரை பெரும்பாலும் சும்மா நின்றுவிட்டு, கடைசி நாளில் தவறாமல் எரிய வேண்டும். இரண்டு திரவமும் சந்தித்தாலே பற்றிக்கொள்ளும் வகை எரிபொருள் என்பதால் அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

கடலோடி:
நீங்கள் இருவரும் எஞ்சினையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விழப்போவது எங்கே? தென் பசிபிக்கில், நீமோ முனை என்ற இடத்தைச் சுற்றி. எந்தக் கரையிலிருந்தும் சுமார் 2,700 கி.மீ. தள்ளி இருக்கிறதாம். ஆள் இல்லை என்பதால் கடல் குப்பைத்தொட்டி ஆகிவிடுமா? அப்புறம், எல்லாம் எரிந்துவிடும் என்று 2021-ல் இந்த நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட பேட்டரி மூட்டையிலிருந்து 700 கிராம் உலோகத் துண்டு ஒன்று 2024 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே வந்தது. இவர்கள் கணக்கை எப்படி நம்புவது?

ஸ்பேனர்:
எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு பிசகியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த மூட்டை தானாக இறங்கட்டும் என்று விடப்பட்டது, எங்கே விழ வேண்டும் என்று யாரும் குறிவைக்கவில்லை. குறி வைத்தாலும் சிதறல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு நீள வெற்றுக் கடல் வேறு எங்கே இருக்கிறது? கடலுக்கு நல்லது என்று நான் சொல்லவே இல்லை.

பழைய_ரேடியோ:
1979-ல் நாசாவின் பழைய விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழப்போகிறது என்றபோது எனக்கு ஒன்பது வயது. ஊரில் எல்லோருக்கும் பயம், எங்கள் பாட்டி ஆட்டைக்கூட வெளியே கட்டவில்லை. ஜூலை 11-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் பக்கம் விழுந்தது. குப்பை போட்டதற்கு அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. அது எழுபத்தேழு டன். அந்த 84 கோடியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

மொட்டைமாடி:
சரி, மேலே தள்ளுவதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே?

ஸ்பேனர்:
நாசாவே பார்த்த கணக்கு இருக்கிறது. நூறு வருடம் தாங்க வேண்டுமானால் 640 முதல் 680 கி.மீ. உயரம் வேண்டும், அதற்குச் சுமார் 19 முதல் 22 டன் எரிபொருள். அந்த உயரத்தில் குப்பைத் துண்டுகள் மோதும் வாய்ப்பு பல மடங்கு. இப்போது போய்வரும் கலங்கள் அங்கே போகும்படி செய்யப்பட்டவையும் இல்லை. ஆள் இல்லாத பழைய நிலையம் அங்கே உடைந்தால், அந்தத் துண்டுகள் மற்ற செயற்கைக்கோள்களின் தலையில்தான் விழும்.

மொட்டைமாடி:
உயரத்தை விட்டுக்கொடுக்கிறேன். பூமியைப் பார்க்க வைத்திருக்கும் அந்தக் குப்போலா ஜன்னல் கூண்டையாவது கழற்றிக் கொண்டுவரலாமே?

ஸ்பேனர்:
அவ்வளவு பெரிய பொருளை இறக்கிய விண்வெளி ஓடங்கள் 2011-லேயே ஓய்வு பெற்றுவிட்டன. கப்பல் மணி, பதிவேடுகள், சின்னங்கள் ஒட்டிய பலகைகள் மாதிரியான சின்னச் சாமான்களைக் கொண்டுவரும் யோசனை இருக்கிறது.

மொட்டைமாடி:
மணியா! 420 டன்னுக்கு ஒரு மணி. இன்று சாயங்காலம் 6.52-க்கு எங்கள் ஊருக்கு மேலே கடக்கிறது. பார்த்துவிட்டு வந்து மீதிச் சண்டையைப் போடுகிறேன்.