நாலாவது ஆக்சிஸ் பேக்லாஷ்: பாராமீட்டர் போதுமா, வொர்மைத் தொட வேண்டுமா?

தணிகை: சி.என்.சி. மெஷினின் நாலாவது ஆக்சிஸான ரோட்டரி டேபிளில் (வேலைப்பொருளைச் சுற்றும் மேசை) பல்லிடுக்கால் கொஞ்சம் ஆட்டம், அதாவது பேக்லாஷ், தெரிந்தாலே அதைச் சுற்றும் திருகுப் பல்லான வொர்மைக் கழற்ற ஓடுகிறார்கள். தேவையில்லை. மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி டயலை வைத்து டேபிளைக் கையால் இருபக்கமும் தள்ளுங்கள். 0.02 காட்டினால் கோணத்தில் சுமார் 41 விநாடி, அதாவது 0.011 டிகிரி. அலகு 0.001 டிகிரியாக உள்ள ஃபானுக் கண்ட்ரோலில் அந்த அச்சின் 1851-ல் (பேக்லாஷை ஈடுகட்டும் பாராமீட்டர்) 11 போட்டால் முடிந்தது.

மைக்ரான்: தணிகை சார், 1851 ஆட்டத்தை எடுக்காது. திசை மாறும்போது மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றவைக்கும், அவ்வளவுதான். பல்லிடுக்கு அப்படியே இருக்கும். ஹெலிகல் குரூவ் (சுருள் பள்ளம்) ஓட்டும்போது டேபிள் சுற்றிக்கொண்டே இருப்பதால், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட முடியாது. கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஏறி இறங்க, அந்த 0.02-க்குள் டேபிள் முன்னும் பின்னும் அடிக்கும். சுவரில் வரிவரியாக விழுவது அதனால்தான். கோணத்தை அளக்கும் என்கோடர் மோட்டாரின் பின்னால் இருப்பதால் கண்ட்ரோலுக்கு இது தெரியவே தெரியாது.

அளவெடுப்பும் சரியில்லை. கையால் தள்ளினால் பேரிங்கின் நெகிழ்வும் சேர்ந்துவிடும். 1851-ஐ முதலில் 0 ஆக்குங்கள். ஒரே திசையில் 1 டிகிரி ஓட்டி டயலைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு எதிர்த்திசையில் 0.001 டிகிரியாக ஹேண்ட்வீலைத் தட்டுங்கள். முள் அசையும்வரை எத்தனை தட்டோ, அதுதான் பேக்லாஷ்.

தணிகை: அளவெடுக்கும் முறையை ஏற்கிறேன். ஆனால் பெரும்பாலான கடைகளில் நாலாவது ஆக்சிஸ் வெறும் இண்டெக்ஸிங்தான் (குறித்த கோணத்துக்குத் திருப்பி நிறுத்துவது). ஜி60 போட்டு எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நில், கிளாம்ப் பிடி, வெட்டு. அதற்கு எதற்கு ஷிம் (இடைத்தகடு) மாற்றி வொர்மை நகர்த்துவது?

சுழல்மேசை: டேபிளிலேயே ஒரு ஆங்கிள் என்கோடர் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீருமே?

மைக்ரான்: நிற்கும் இடம் துல்லியமாகும், ஆட்டம் போகாது. இடைவெளி சர்வோ லூப்புக்குள்ளே (அளந்து பார்த்து மோட்டாரைத் திருத்தும் சுற்று) வந்துவிடுவதால், மோட்டார் இப்படியும் அப்படியும் தேடி நடுங்கும். கெயினை (திருத்தும் வீரியம்) குறைத்தால் மந்தமாகும். முதலில் மெக்கானிக்கலாக ஆட்டத்தை எடுங்கள், என்கோடர் பிறகு.

டூப்ளக்ஸ் வொர்மில் இருபக்கப் பல்முகங்களின் லீட் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) வேறு. அதனால் பல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடித்துக்கொண்டே போகும். வொர்மை நீளவாக்கில் நகர்த்தினால் தடித்த பகுதி உள்ளே வரும், மையத்தூரம் மாறாது. லீட் வித்தியாசம் 2 சதவீதம் என்றால் 1 மி.மீ. நகர்த்த 0.02 குறையும். டயல் காட்டிய அளவை வீலின் (வொர்ம் சுற்றும் பல்சக்கரம்) ஆரத்துக்கு மாற்றுவது முக்கியம்: 100-ல் 0.02 என்றால் 75 மி.மீ. பிட்ச் ஆரத்தில் 0.015. அதில் 0.005 விட்டுவிட்டு மீதி 0.010-ஐ எடுக்க 0.5 மி.மீ. நகர்த்தினால் போதும். வொர்மின் இடத்தை நிர்ணயிக்கும் ஷிம்மை சர்ஃபேஸ் கிரைண்டரில் அந்த அளவுக்குத் தேய்க்கலாம். சுத்தமாகப் பூஜ்யமாக்கினால் எண்ணெய்ப் படலத்துக்கு இடமிருக்காது. வொர்ம் சூடாகி, வெண்கல வீல் தேய்ந்து, எண்ணெயில் மினுமினுப்பாகப் பொடி மிதக்கும்.

தணிகை: இதே கணக்கில் செட் செய்த டேபிள்கள் வேறு கோணத்தில் சிக்கி, சர்வோ ஓவர்லோடு அலாரம் அடிப்பது ஏன்?

மைக்ரான்: தேய்ந்த இடத்தில் அளந்து செட் செய்வதால். வேலை பெரும்பாலும் 0 முதல் 90 டிகிரிக்குள் நடந்தால் வீலில் அந்தப் பல்கள் மட்டும் தேயும். அங்கே இறுக்கினால் 200 டிகிரியில் பிடித்துக்கொள்ளும். 45 டிகிரிக்கு ஒன்றாக 8 இடத்தில் அளந்து, ஆட்டம் மிகக் குறைந்த இடத்தை வைத்துத்தான் ஷிம் கணக்குப் போட வேண்டும்.

தணிகை: அப்படியானால் தேய்ந்த இடத்தில் ஆட்டம் மிச்சமிருக்கும்.

மைக்ரான்: இருக்கும். ஃபிக்ஸ்சரை (வேலைப்பொருளைப் பிடிக்கும் அமைப்பு) 180 டிகிரி திருப்பிக் கட்டி, வொர்க் ஆஃப்செட்டில் (வேலையின் பூஜ்ய இடம்) ஏ அச்சுக்கு, அதாவது இந்த நாலாவது ஆக்சிஸுக்கு, 180 கொடுங்கள். வெட்டு தேயாத பல்லுக்கு மாறும். தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் 30 விநாடிக்கு மேல் போய், வேலையும் தொடர்ச்சியாகச் சுற்றி வெட்டுவதாக இருந்தால், வீலையும் வொர்மையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.