கூந்தன்குளத்துல வாத்து பார்க்க பைனாகுலரா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பா? பட்ஜெட் 9,000, கண்ணாடி போடுற ஆளு

நாங்குநேரிக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. லீவு கிடைச்சா கூந்தன்குளம், விஜயநாராயணம் குளம்னு சுத்துற ஆளு நான். ஊருக்குள்ள மரத்துல கூடு கட்டுற மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் வெறுங்கண்ணுக்கே போதும், தலைக்கு மேலதான் நிக்கும். சிக்கல் குளத்துக்குள்ள. வரித்தலை வாத்து நடுத்தண்ணியில கூட்டமா உக்காந்திருக்கு. கரையிலிருந்து பார்த்தா சாம்பல் புள்ளிதான். தலையில அந்த ரெண்டு கறுப்புப் பட்டையையும் தெளிவாப் பார்க்கணும், அவ்வளவுதான் ஆசை.

9,000 ரூபாய் வரை போடலாம். கண்ணாடி போடுறேன். சேக்காளி ஒருத்தன் ஆன்லைன்ல ‘20-180×100 ஜூம்’னு 1,800 ரூபாய்க்கு ஒண்ணு காட்டுதான். இன்னொருத்தன் ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் (ஸ்டாண்டுல வச்சு ஒத்தைக் கண்ணால பார்க்கிற தொலைநோக்கி) சரிங்கான். எதை வாங்க?

கரண்டிவாயன்:
முதல்ல அந்த 1,800 ரூபாய்ச் சாமானை மறந்துருங்க. ×-க்குப் பின்னால வர்ற எண் முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 100னா பத்து சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும் அந்த அளவுக் கண்ணாடி வச்சா பைனாகுலர் ரெண்டு தூக்குச்சட்டியைச் சேர்த்துக் கட்டுன மாதிரி இருக்கணும். படத்துல இருக்கது உள்ளங்கை அளவுதானே? அப்போ எழுதியிருக்க எண்ணே பொய்.

×-க்கு முன்னால வர்ற எண் எத்தனை மடங்கு கிட்டத்துல காட்டும்ங்கிறது. உங்களுக்கு 8×42 போதும். 400 மீட்டர்ல இருக்க வாத்து 50 மீட்டர்ல நிக்கிற மாதிரி தெரியும்.

பாளையங்கோட்டை தாத்தா:
10×50 வாங்குங்க தம்பி. குளம் அகலம். 8 பத்தாது. நான் பல வருஷமா 10தான் வச்சிருக்கேன்.

கரண்டிவாயன்:
அண்ணாச்சி, 10-ல அதே வாத்து 40 மீட்டர்ல தெரியும். 50-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா கை நடுக்கமும் அதே கணக்குல பெருசாகும். கரையில காத்து அடிக்கும்போது 10-ஐ ஆடாமப் பிடிக்கிறது எல்லாருக்கும் ஒத்துவராது. பார்க்கிற பரப்பும் சுருங்கும்: 8 டிகிரி பார்வைன்னா 1,000 மீட்டர்ல 140 மீட்டர் அகலம், 6.5 டிகிரின்னா 114. புதுசாப் பழகுறவங்க பறக்கிற பறவையைத் தேடியே களைச்சுப் போவாங்க.

பாளையங்கோட்டை தாத்தா:
காவற்கோபுரத்துல ஏறி முழங்கையைக் கம்பியில ஊணிக்கிட்டா 10 ஆடாது. சும்மா எல்லாரும் 8, 8-னு சொல்லுதீய. சரி, அவர் இஷ்டம்.

கன்னடியன் கால்வாய்:
நாங்குநேரித் தம்பி, கண்ணாடி பவர் என்ன? அதைச் சொல்லாம யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

நாங்குநேரிக்காரன்:
ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 3.5. சிலிண்டர் 1.5 இருக்கு. அது எதுக்கு?

கன்னடியன் கால்வாய்:
அதுலதான் விஷயமே இருக்கு. வெறும் கிட்டப்பார்வைன்னா கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்க்கலாம், ஃபோகஸ் சக்கரம் அதைச் சரிக்கட்டிரும். சிலிண்டர்ங்கிறது கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத குறை, அதை எந்தச் சக்கரமும் சரிக்கட்டாது. 1.5 இருந்தா கண்ணாடியோடதான் பார்த்தாகணும்.

கண்ணாடி போட்டா கண்ணுக்கும் பைனாகுலர் கண்வில்லைக்கும் நடுவுல தூரம் கூடும். அந்தத் தூரத்துல இருந்தும் முழு வட்டமும் தெரியணும். அந்த அளவுக்குப் பேரு ஐ ரிலீஃப். 15 மி.மீ.க்குக் குறைஞ்சா வட்டத்தோட ஓரம் வெட்டுப்பட்டு, சாவித்துவாரத்துல பார்க்கிற கதைதான். எல்லாரும் சொல்ற நிக்கான் அகுலான் ஏ211 8×42 இந்த விலைக்கு நல்ல சாமான், ஆனா ஐ ரிலீஃப் 12 மி.மீ. உங்களுக்கு ஆகாது. நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42-ல 20 மி.மீ. இருக்கு, ஆனா உங்க பட்ஜெட்டைத் தாண்டும். கொஞ்சம் பொறுத்துச் சேர்த்து வாங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன். வேற கம்பெனின்னாலும் பரவாயில்ல, விவரக்குறிப்புல ஐ ரிலீஃப் எண் இல்லேன்னா வாங்காதீங்க. கண்வில்லையைச் சுத்தி இருக்க கண்குமிழைத் (ரப்பர் வளையம்) திருகி உள்ள இறக்குற வசதியும் இருக்கணும்.

நாங்குநேரிக்காரன்:
இதை யாருமே சொல்லலையே! அப்போ ஸ்கோப்பு?

கரண்டிவாயன்:
9,000-க்கு வேண்டாம். 20-60×60 ஸ்கோப்புன்னு வரும். 60-ல வச்சா கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றை 1 மி.மீ. தான், இருட்டடிச்சுப் போகும். 20-லதான் பார்ப்பீங்க. அதுக்கு நல்ல ட்ரைபாட் வேணும், அது தனிச் செலவு. வெயில் ஏறிட்டா தண்ணிக்கு மேல கானல் ஆடும், எவ்வளவு பெரிய பவரும் அந்த ஆட்டத்தைத்தான் பெருசாக்கும். காலையில எட்டு மணிக்குள்ள போறதுதான் செலவில்லாத ஸ்கோப்பு.

ஒண்ணே ஒண்ணுக்கு ஸ்கோப்பு அவசியம். மங்கோலியாவுல கழுத்துப்பட்டை மாட்டி விட்ட வாத்துங்க நம்ம குளத்துல தட்டுப்பட்டிருக்கு. அந்தப் பட்டையில இருக்க எழுத்தைப் படிக்க பைனாகுலர் பத்தாது. அதுக்குன்னு வாங்க வேண்டாம். பொங்கலை ஒட்டி நடக்கிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புல சேருங்க, ஸ்கோப்பு வச்சிருக்கவங்களோட நின்னு பார்த்துக்கிடலாம்.

நாங்குநேரிக்காரன்:
சரி, 8×42, ஐ ரிலீஃப் 15-க்கு மேல. கடையில என்னத்தைப் பார்த்து வாங்க?

கன்னடியன் கால்வாய்:
கடை விளக்குல பார்த்து முடிவு பண்ணாதீங்க, வாசலுக்குக் கொண்டு வாங்க. கைநீட்டுத் தூரத்துல பிடிச்சு வானத்தைக் காட்டுங்க. கண்வில்லைகள்ல தெரியுற வெளிச்சப் பொட்டு முழு வட்டமா இருக்கணும். ஓரம் நறுக்குன மாதிரி சாம்பலாத் தெரிஞ்சா மட்டமான பிரிசம். பேக்-4 (BaK-4)ங்கிற உசத்திக் கண்ணாடியில செஞ்ச பிரிசம்னா வட்டமா இருக்கும். முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பா மின்னுனா வச்சிட்டு வந்துருங்க.

அப்புறம் தூரத்துல ஒரு கரண்ட் கம்பியைப் பாருங்க. பார்த்துக்கிட்டே பைனாகுலரை மெதுவா ஒரு சாண் பின்னால கொண்டு வாங்க. இடது கண்ணுல ஒரு உயரம், வலது கண்ணுல ஒரு உயரம்னு கம்பி பிசகுனா ரெண்டு குழலும் நேரா இல்லேன்னு அர்த்தம், தலைவலி நிச்சயம். இதை வீட்ல சரிபண்ண முடியாது. என்ன சோதிச்சாலும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிராதீங்க.

பாளையங்கோட்டை தாத்தா:
வாங்குன அன்னைக்கே வலது கண்ணைச் சரிபண்ணிக்கிடணும். வலது லென்ஸை மூடி, இடது கண்ணால நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்க. பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாம வலது கண்வில்லை வளையத்தை மட்டும் திருகுங்க. வளையம் நிக்கிற இடத்துல ஒரு பேனாக் கோடு போட்டு வச்சுக்கிடுங்க.

நாங்குநேரிக்காரன்:
நல்லது தாத்தா. மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்குமா?

பாளையங்கோட்டை தாத்தா:
பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில உறைக்குள்ள போட்டு பீரோவுல அடைக்காதீங்க. இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வைங்க. நைட்ரஜன் அடைச்சதுன்னு எழுதியிருந்தா உள்பக்கம் ஆவி படியாது, வெளிய நம்மதான் துடைக்கணும். ஊதித் தூசியைப் போக்கிட்டுத் துணியைப் போடுங்க. சட்டை நுனியில தேய்ச்சா கோட்டிங் போயிரும்.

நாங்குநேரிக்காரன்:
சரி, ரெண்டு மாசம் பொறுத்துப் பணம் சேர்த்து புரோஸ்டாஃபே வாங்குதேன். ஜங்ஷன் கடையில இருந்தா கம்பியைக் காட்டிப் பார்த்துட்டு இங்கயே எழுதுதேன்.