சோக்கை அளக்க எஸ்11 போதுமா, எஸ்21 வேண்டுமா?

ரெலாவ் ரேடியோ:
வணக்கம். பினாங்கு ரெலாவில் அடுக்குமாடியில் இருக்கிறேன். பால்கனியில் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அமெச்சூர் ரேடியோ பேண்டுக்கு ஒரு வயர் ஆன்டெனா. லிஃப்ட் மோட்டாரும் பக்கத்து வீட்டு எல்இடி விளக்குகளும் கிளப்பும் இரைச்சல் கோஆக்ஸ் கேபிளின் மேல் பின்னல் வழியாக ரேடியோவுக்குள் வந்துவிடுகிறது. அதைத் தடுக்க எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று சுற்றி ஒரு காமன்மோட் சோக், அதாவது பின்னலின் வெளிப்பக்கக் கரன்டை மறிக்கும் சுருள், செய்திருக்கிறேன். நேனோவிஎன்ஏ என்ற கையடக்க நெட்வொர்க் அனலைசரில் (விஎன்ஏ) ஓப்பன், ஷார்ட், லோட் (திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம்) மூன்றையும் வைத்துக் காலிபிரேட் செய்துவிட்டு, ஒரே போர்ட்டில் அளக்கும் எஸ்11-ல் 7.1 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான எதிர்ப்பு) காலையில் 3,400 ஓம், மாலையில் 9,000-க்கு மேல். சோக் அதேதான், கேபிளும் அதேதான். எதை நம்புவது?

செந்தூல் சிக்னல்:
இரண்டையும் நம்பாதீர்கள். கருவி கெட்டுப்போகவில்லை, கணக்கே அப்படித்தான். எஸ்11-ல் கருவி அளப்பது இம்பீடன்ஸை அல்ல, திரும்பி வரும் அலையின் பங்கை. 5,000 ஓமுக்கு அந்தப் பங்கு 0.98. அதில் 0.01 கூடினால் திரையில் 10,000 ஓம் வரும், 0.01 குறைந்தால் 3,300. நூற்றில் ஒரு பங்கு தவறுக்கு மூன்று மடங்கு வித்தியாசம். 50 ஓமை ஒட்டிய பொருள் என்றால் இதே 0.01 தவறு ஒரு ஓம்தான், யாருக்கும் தெரியாது.

சோக்கைப் போர்ட் 1-க்கும் போர்ட் 2-க்கும் நடுவே தொடராகப் போட்டு எஸ்21-ஐ, அதாவது போர்ட் 2-க்குக் கடந்து வரும் பங்கை, பாருங்கள். இம்பீடன்ஸ் இசட் = 100 × (1 − எஸ்21) ÷ எஸ்21. 5,000 ஓம் சோக்குக்கு −34 டெசிபல் வரும். அதில் அரை டெசிபல் பிசகினாலும் விடை சுமார் 6 சதவீதம்தான் நகரும்.

பி.எம். சுருள்:
ஆரம்பித்துவிட்டார்கள். எஸ்11 தப்பு, எஸ்21 சரி என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தம்பி ரெலாவ், முதலில் ஒன்று சொல்லுங்கள். காலிபிரேஷனை எந்த இடத்தில் செய்தீர்கள்? கருவியின் எஸ்எம்ஏ கனெக்டர் வாயிலா, சோக்கைப் பிடிக்கும் கிளிப்பின் நுனியிலா? வாயில் செய்துவிட்டு அதற்கப்புறம் ஒரு சாண் வயரும் முதலைக் கிளிப்பும் மாட்டினால் எந்த முறையும் பொய்தான் சொல்லும். நான் கிளிப் நுனியிலேயே ஓப்பன், ஷார்ட் வைக்கிறேன். லோடுக்கு 100 ஓம் 0805 அளவுச் சிப் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கவாட்டில் ஒட்டிய 50 ஓம். அப்படிச் செய்தால் எஸ்11 மட்டுமே போதும். எனக்கு எண் இப்படி ஓடுவதில்லை.

ரெலாவ் ரேடியோ:
எஸ்எம்ஏ வாயில்தான் அண்ணே. கருவியோடு வந்த குட்டி காலிபிரேஷன் கிட்.

பி.எம். சுருள்:
அதான் பார்த்தேன். விவாதம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

பழைய பெஞ்ச்:
முடியவில்லை. நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் டெஸ்ட் பெஞ்சில் காலம் தள்ளியவன். எச்பி (ஹியூலெட்-பேக்கார்ட்) இங்கே வந்தது 1972-ல். அந்த அளவீட்டுப் பிரிவு அப்புறம் அஜிலென்ட் ஆனது, 2014-ல் கீசைட் ஆனது. இம்பீடன்ஸ் அளக்க என்றே அவர்கள் தனியாகக் கருவி செய்தது சும்மாவா? 4294ஏ போன்ற கருவிகள் ஆட்டோ பேலன்ஸிங் பிரிட்ஜ் முறையில் 110 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அவை வோல்டேஜையும் கரன்டையும் நேராக அளக்கின்றன. அதனால் மில்லி ஓமும் மெகா ஓமும் ஒரே கருவியில் வரும். விஎன்ஏ என்பது ஆன்டெனா, ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர் பார்க்கிற கருவி. அதை வைத்து சோக் அளந்துவிட்டு எண் ஓடுகிறது என்று புலம்புவது எனக்கு விளங்கவில்லை.

கையில் காசு இல்லையென்றால் இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ், ரெசிஸ்டன்ஸ் அளக்கும் ஒரு நல்ல எல்சிஆர் மீட்டர் வாங்குங்கள். டிஇ-5000 போதும். இண்டக்டன்ஸைப் பார்த்து மீதியைக் கணக்குப் போடுங்கள்.

செந்தூல் சிக்னல்:
சார், மரியாதையோடுதான் கேட்கிறேன். டிஇ-5000 100 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இந்தச் சோக்குக்கு அது சுமார் 150 மைக்ரோஹென்றி காட்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கினால் 6,700 ஓம் வரும், அதுவும் சுத்த ரியாக்டன்ஸாக (சக்தியை உறிஞ்சாத எதிர்ப்பாக). ஆனால் 43 ரக ஃபெரைட்டின் ஊடுருவு திறன் 800 என்பது தாழ்ந்த அலைவரிசைக் கதை. ஒரு மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் அது இறங்கத் தொடங்கும், கூடவே இழப்பு ஏறும். 7 மெகாஹெர்ட்ஸில் இந்தச் சோக்கின் இம்பீடன்ஸில் கணிசமான பங்கு ரெசிஸ்டன்ஸ். நமக்கு வேண்டியதும் அந்த ரெசிஸ்டன்ஸ்தான். வெறும் இண்டக்டன்ஸாக இருந்தால் ஆன்டெனா கேபிளின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து ஒன்றையொன்று ரத்து செய்து, இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். எல்சிஆர் மீட்டர் அதைக் காட்டாது. சோக்கின் சொந்த ரெசொனன்ஸையும் காட்டாது.

4294ஏ பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அதை வாங்கும் காசுக்கு ரெலாவ் தம்பி ஒரு காரே வாங்கிவிடுவார். ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நூறு வெள்ளி சில்லறைக்குப் பிக்ஸ்சர் (சோக்கை மாட்டி அளக்கும் தாங்கி) சாமான் வாங்கி என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

பழைய பெஞ்ச்:
எல்சிஆர் மீட்டர் 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போகாது என்பதைக் கணக்கில் எடுக்கிறேன். ஆனால் சுற்றின் எண்ணிக்கை சரியா, வளையம் அசல் 43-தானா என்று கண்டுபிடிக்க அதைவிட வேகமான வழி கிடையாது. கடையில் வளையத்தின் மேல் எதுவும் எழுதியிருக்காது, சாம்பல் நிறத்தைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

கயல்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் போர்டு டிசைன் பக்கம். எனக்குப் பிரச்சினை நேர் எதிர்: 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், எதிர்பார்க்கும் ஈஎஸ்ஆர் (உள் தொடர் ரெசிஸ்டன்ஸ்) 5 மில்லி ஓம். இதற்கும் தொடர் முறைதானா?

செந்தூல் சிக்னல்:
இல்லை கயல், அதற்கு ஷன்ட் முறை. இரண்டு போர்ட்டின் நடுக்கம்பியையும் ஒன்றாக்கி, அந்த இடத்திலிருந்து கெப்பாசிட்டரைத் தரைக்கு (கிரவுண்டுக்கு) போடுங்கள். இசட் = 25 × எஸ்21 ÷ (1 − எஸ்21). எஸ்11-ல் 0.001 பிசகினாலே 25 மில்லி ஓம் தவறு, உங்கள் 5 மில்லி ஓம் அதில் காணாமல் போய்விடும். ஷன்ட் முறையில் 5 மில்லி ஓம் என்பது −74 டெசிபல். நேனோவிஎன்ஏ சுமார் −70-லேயே இரைச்சலில் மூழ்கிவிடும். 50 மில்லி ஓம் என்றால் −54, அது வரை தைரியமாகப் படிக்கலாம்.

பி.எம். சுருள்:
பாருங்கள், பாதியைத்தான் சொல்கிறார். ஷன்ட் முறையில் போர்ட் 1-லிருந்து வரும் கரன்ட் தன் கேபிள் பின்னல் வழியாக மட்டும் திரும்பாது. ஒரு பகுதி போர்ட் 2 கேபிளின் பின்னல் வழியாகவும் போகும். அந்தப் பின்னலின் ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்டேஜ் உங்கள் கெப்பாசிட்டரின் கணக்கில் சேரும். சில மில்லி ஓம் பொருளுக்கு அதுவே பெரிய தொகை. போர்ட் 2 கேபிளை ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றுங்கள். சில பத்து கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அதுவும் கைகொடுக்காது. இன்னொன்று, விஎன்ஏ கொடுக்கும் சிக்னல் மிகச் சிறியது, டிசி பயாஸும் இல்லை. எக்ஸ்5ஆர் ரகச் செராமிக் கெப்பாசிட்டர் போர்டில் வோல்டேஜ் ஏறியதும் பாதியாகக்கூடச் சுருங்கலாம். மேஜையில் வரும் மைக்ரோஃபாரட்டை டிசைனில் எழுதிவிடாதீர்கள்.

கயல்:
நன்றி, இது போதும். நீங்கள் சண்டையைத் தொடருங்கள் லா.

பி.எம். சுருள்:
சோக்குக்கு வருவோம். செந்தூல் அண்ணனின் எஸ்21 முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டார். போர்ட் 2 உண்மையிலேயே 50 ஓமாக இருக்க வேண்டும். இந்தச் சின்னக் கருவியில் அளவீடு ஒரு பக்கம்தான். போர்ட் 2-லிருந்து அனுப்பி அளக்கும் எஸ்12, எஸ்22 இரண்டும் கிடையாது. போர்ட் 2-இன் பொருத்தமின்மையை மென்பொருள் திருத்த வழியே இல்லை. அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போடு என்பார்கள். இரண்டு பக்கமும் 10 டெசிபல் போட்டால் −34 என்பது −54 ஆகிவிடும். இரைச்சல் மட்டமான −70-க்கு மேலே 16 டெசிபல்தான் மிச்சம். அதில் என்ன துல்லியம்?

செந்தூல் சிக்னல்:
இரண்டு பக்கமும் எதற்கு? போர்ட் 1 பக்கத்துத் தவறைக் கருவியே திருத்தும், மெனுவில் என்ஹான்ஸ்டு ரெஸ்பான்ஸ் என்று இருக்கிறது. போர்ட் 2 பக்கம் மட்டும் ஒரு 10 டெசிபல். −44-ல் படிக்கிறோம், 26 டெசிபல் மிச்சம். பேண்ட்விட்த்தைக் குறைத்துச் சராசரி எடுத்தால் இன்னும் கூடும். அந்த ஒரு அட்டெனுவேட்டர் போர்ட் 2-இன் ரிட்டர்ன் லாஸை 20 டெசிபல் உயர்த்திவிடும், அதாவது அங்கிருந்து திரும்பும் அலை அவ்வளவு குறையும்.

முக்கியக் காரணத்தை இன்னும் சொல்லவில்லை. எஸ்11-ல் சோக்கின் ஒரு நுனி தரையில். கிளிப், வயர் எல்லாம் சேர்ந்து 2 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 11,000 ஓம், நேராக உங்கள் 5,000 ஓமுக்குப் பக்கவாட்டில். 28 மெகாஹெர்ட்ஸில் 2,800 ஓம்தான், அதாவது சோக்கைவிடச் சின்னது. தொடர் முறையில் அதே 2 பிக்கோஃபாரட் இரண்டு முனையிலும் 50 ஓமுக்குப் பக்கவாட்டில் நிற்கிறது. 50 ஓமுக்குப் பக்கத்தில் 11,000 ஓம் என்ன செய்துவிடும்?

பி.எம். சுருள்:
அதைத்தான் கிளிப் நுனியில் ஓப்பன் காலிபிரேஷன் கழித்துவிடுகிறதே!

செந்தூல் சிக்னல்:
கழிக்கும், நீங்கள் கிளிப்பை அசைக்காத வரை. சோக்கை மாட்டும்போது வயர் வளையும். கால் பிக்கோஃபாரட் மாறினால் போதும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்னதைத் தேடுகிற வேலை அது. தம்பிக்கு வந்த வித்தியாசத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஏர்கானில் காலிபிரேட் செய்துவிட்டுப் பால்கனிக்குக் கொண்டுபோய் அளந்தீர்களா? நம் ஊர்ச் சூட்டில் கருவி நகரும். அளக்கிற இடத்திலேயே வைத்து, கருவி சூடேறிய பிறகு காலிபிரேட் செய்யுங்கள்.

பி.எம். சுருள்:
சரி, அப்படியென்றால் நான் ஒன்று கேட்கிறேன். சோக்கின் நடுவயிற்றுக்கும் தரைத் தகடுக்கும் இடையே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் எங்கே போனது? அது 50 ஓமுக்குப் பக்கத்தில் இல்லை, இரண்டு பெரிய இம்பீடன்ஸுக்கு நடுவில் நிற்கிறது. உங்கள் சூத்திரம் அதை அறியாது. 5 பிக்கோஃபாரட் இருந்தால் 28 மெகாஹெர்ட்ஸில் ரெசிஸ்டன்ஸ் நெகடிவாகக்கூட வரலாம். தானாகச் சக்தி உற்பத்தி செய்யும் சோக்கைப் பார்த்திருக்கிறீர்களா? எஸ்21 ஆட்கள் பலர் வெறும் டெசிபலை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால் அந்த நெகடிவ் கண்ணில் படுவதே இல்லை.

செந்தூல் சிக்னல்:
நல்ல கேள்விதான். தரைத் தகடைக் குறுக்குங்கள், சோக்கை அதிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் டப்பாவின் மேல் வைத்தாலும் சரி. கையை எடுத்துவிடுங்கள், கை கிட்டே வந்தாலே வரைகோடு ஆடும். நெகடிவ் வந்தால் அந்த இடத்துக்கு மேலே உள்ள அலைவரிசையைப் படிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். டெசிபல் மட்டும் பார்ப்பது பற்றி உங்கள் பக்கம்தான் நானும். இம்பீடன்ஸ் பெரிதாக இருக்கும்வரை அதில் பெரிய தவறு வராது. 100 ஓம் சுத்த ரியாக்டன்ஸை அப்படிக் கணக்குப் போட்டால் 41 ஓம் என்று வரும்.

பழைய பெஞ்ச்:
இரண்டு பேரும் வாய்ச்சண்டையை நிறுத்திவிட்டு, தெரிந்த ரெசிஸ்டரை மாட்டச் சொல்லுங்கள். எங்கள் பெஞ்சில் புதுப் பிக்ஸ்சர் வந்தால் முதல் வேலை அதுதான். 1, 4.7, 10 கிலோ ஓம் சிப் ரெசிஸ்டர்கள். கால் நீண்ட பழைய ரகம் வேண்டாம், அதற்குத் தன்னுடைய கெப்பாசிட்டன்ஸே 0.3 பிக்கோஃபாரட் அளவுக்கு இருக்கும். 10 கிலோ ஓம் 30 மெகாஹெர்ட்ஸில் 8.7 ஆகக் காட்டினால் யாரைக் குறை சொல்வது?

ரெலாவ் ரேடியோ:
செய்து பார்த்துவிட்டேன். செப்புத் தகடு ஒட்டிய போர்டில் ஒரு குறுகிய துண்டு, இரண்டு ஓரத்திலும் எஸ்எம்ஏ, நடுவில் இடைவெளி. காலிபிரேஷனைப் பிக்ஸ்சரிலேயே செய்தேன். கேபிளின் நடுக்கம்பியையும் பின்னலையும் இரண்டு நுனியிலும் ஒன்றாக்கி ஈயம் வைத்தேன். போர்ட் 2-ல் 10 டெசிபல்.

4.7 கிலோ ஓம் சிப்: −33.6 வர வேண்டும், −33.5 வந்தது, அதாவது சுமார் 4,630 ஓம். அதே ரெசிஸ்டர் எஸ்11-ல், சுருள் அண்ணன் சொன்ன மாதிரி கிளிப் நுனியில் காலிபிரேட் செய்து: கேபிளைக் கொஞ்சம் வளைத்தால் 4,100, நிமிர்த்தினால் 5,600. சோக் தொடர் முறையில் 7.1-ல் −34, ஏறக்குறைய 4,900 ஓம். 28 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ரெசிஸ்டன்ஸ் நெகடிவ்தான்.

பி.எம். சுருள்:
கேபிளை ஏன் வளைத்தீர்கள்? நான் பிக்ஸ்சரைக் கருவியின் வாயிலேயே நேராகத் திருகுவேன், கேபிளே கிடையாது. அப்படி அளந்து போடுங்கள், அப்புறம் பேசுவோம். 28-இல் நான் சொன்னது வந்துவிட்டது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் சிக்னல்:
கேபிள் வளைந்ததும் 1,500 ஓம் ஓடுகிற முறையை 5,000 ஓமுக்கு நான் வைத்துக்கொள்ள மாட்டேன். நேராகத் திருகினால் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆன்டெனாக் கேபிளில் சுற்றிய சோக்கைக் கருவியின் வாயில் எப்படித் தொங்கவிடுவது? எஸ்எம்ஏ பிய்ந்துகொண்டு வரும்.

பழைய பெஞ்ச்:
ரெலாவ், 10 கிலோ ஓமையும் மாட்டி 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்த கோப்பை (ஃபைலை) இங்கே போடுங்கள். அது எங்கே வளையத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் பிக்ஸ்சரின் எல்லை. அதற்கு மேலே இவர்கள் இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

ரெலாவ் ரேடியோ:
இரவு போடுகிறேன் சார். 40 மீட்டருக்கு இந்தச் சோக்கையே மாட்டிவிட்டேன், இரைச்சல் காதுக்கே தெரிகிற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 10 மீட்டருக்கு (28 மெகாஹெர்ட்ஸ்) சுற்று குறைந்த இன்னொன்று சுற்றப் போகிறேன். அதை எஸ்11-ல், கேபிள் இல்லாமல், சுருள் அண்ணன் முறையிலும் அளந்து இரண்டு கோப்பையும் சேர்த்துப் போடுகிறேன்.