புதிதாகச் சேரும் பணியாளர்களுக்கு முதல் வாரப் பயிற்சி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் ஊருக்கு அருகே இறால் உரித்துத் தரம் பிரிக்கும் சிறிய கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பியதும், ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வரத்து குவியும் அந்த நேரத்தில் கை கழுவும் முறை, ஐஸ் இடும் அளவு, தரம் பிரித்தல் என அனைத்தையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவதால் எதுவும் மனத்தில் தங்குவதில்லை. சென்ற ஆண்டு நால்வர் பத்து நாட்களுக்குள் நின்றுவிட்டார்கள். குறை அவர்களிடம் இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அனுபவமுள்ள அக்கா ஒருவருடன் புதியவரை இணைக்கலாம் என்றால், கிலோ கணக்கில் கூலி பெறும் அவருக்கு ஏற்படும் இழப்பை எவ்வாறு ஈடுகட்டுவது? செய்து பார்த்தவர்கள் முதல் வாரத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.